மேஸ்திரி எழுந்த கதை

வாத்தியார் மாட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் கதை ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். கேன் கழுவும் தொட்டியருகே குனிந்திருந்த அவர் மனைவிக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இனி தொண்டையைச் செருமுவார், பண்ணையைப் பார்க்க வந்திருப்பவர்களில் ஒருவராவது போனைத் தூக்கிப் பிடிப்பார், மாட்டுக்கும் தனக்கும் படத்தில் இடம் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தொடங்குவார்.

"இவளைப் பாருங்க. பேரு மேஸ்திரி. நாங்க வெச்ச பேரு இல்ல, அவளே சம்பாதிச்சது. மத்த மாடுங்களை முட்டி முட்டி வேலை வாங்குவா. போன மழையில இவளுக்கு மடிநோய் வந்துச்சு. மடி கல்லு மாதிரி. நல்ல காய்ச்சல். படுத்தவ எந்திரிக்கல. வேற எந்தப் பண்ணையா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பாங்க? எடு ஊசியைன்னு இருப்பாங்க. நான் போடல. ஒரு சொட்டு ஆன்டிபயாடிக் உள்ள போகல. பச்சைத்தண்ணி ஒத்தடம், நசுக்கின பூண்டு, மணிக்கொரு தடவை கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்து விடறது. அவ்வளவுதான் வைத்தியம். ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன், எந்திரிச்சு நிக்கிறா!"

கூட்டம் கை தட்டியது. மேஸ்திரி ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் அசைபோட்டது. தொட்டியருகே இருந்தவள் ஏற்கெனவே கழுவி வைத்த கேனையே மறுபடி எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்ல. கையில் ஒரு குச்சி அகப்பட்டால் போதும், தரையில் படம் போட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார் என்பதால் பால் வண்டிக்காரர் வைத்த பட்டப்பெயர் அது. அந்தக் கணக்கில் அவளும் வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். யாருக்கும் ஓர் எழுத்துகூடச் சொல்லிக் கொடுக்காமல் ஊர் முழுவதும் அந்த மரியாதையோடு நடமாடுவதில் தொடக்கத்தில் அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. இப்போது அதுவும் அலுத்துவிட்டது. பொதுவாகவே அவளுக்கு இப்போதெல்லாம் எல்லாம் அலுப்பாக இருந்தது. மாடுகள் அல்ல. மாடுகளிடம் பேச வேண்டியதில்லை.

இந்த மனிதர் ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிராக இருந்தவர். அப்போது கொட்டகை நிறைய மாடுகள், இயந்திரக் கறவை, மருந்துக்கென்று தனி அலமாரி. மாடு தும்மினாலும் ஊசி, நொண்டினாலும் ஊசி. கன்று ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்துவார்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லா மாட்டுக்கும் எல்லாக் காம்பிலும் மருந்து ட்யூபை ஏற்றிவிடுவார். வருமுன் காப்போம் என்பார். அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் மருந்து போட்ட மாட்டின் காலில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த சிவப்புப் பட்டை அவிழ்ந்து சாணியில் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பாலும் மற்ற பாலோடு சேர்ந்து டேங்கர் லாரிக்குப் போய்விட்டது. குளிரூட்டும் நிலையத்தில் சோதனை செய்தார்கள். மருந்து தெரிந்தது. வழியெல்லாம் எத்தனையோ வீட்டுக்காரர்கள் விடிவதற்கு முன் எழுந்து கறந்து ஊற்றிய பால் அந்த லாரியில் இருந்தது. அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது. அவரும் மருந்து அலமாரியை உடைத்து எரித்தார், மாடுகளில் பெரும்பாலானவற்றை விற்றார், மருந்தில்லாப் பால் கூட்டமைப்பில் சேர்ந்தார், கொஞ்ச நாளில் அதற்குத் தலைவராகவும் ஆனார். அளவுக்கு மீறிப் போட்டவர் அறவே போடாதவராக மாறினார். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. கூட்டமைப்பின் விதி என்னவோ நியாயமானதுதான். மாடு துடிக்கும்போது மருந்து போடாமல் வைத்திருக்கக் கூடாது, போட வேண்டும். போட்டபின் அந்த மாடு இந்த மந்தையில் இருக்கக் கூடாது, சாதாரணப் பண்ணை ஒன்றுக்கு விற்றுவிட வேண்டும், திரும்பவே முடியாது. வாத்தியார் விதியின் பின்பாதியை மனப்பாடமாக ஒப்பிப்பார். முன்பாதி வரும்போது அவருக்கு இருமல் வந்துவிடும்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். டிரைவரின் மனைவி. சாலையின் கடைசியில் இருக்கும் சின்னக் குடும்பம் அது. அவன் பேருந்து ஓட்டுகிறான், இவள் வீட்டில் மூன்று மாடு வைத்துக் கறக்கிறாள். வாத்தியாரின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள்.

"அக்கா, அண்ணன் இருக்காரா? போன் எடுக்க மாட்டேங்கறாரு."

"ஆளுங்க வந்திருக்காங்கம்மா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லக்கா. பூண்டு எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவைன்னு கேக்கணும். மடிநோய். முந்தாநாள்ல இருந்து அண்ணன் சொன்ன மாதிரியேதான் பண்றேன். தூங்கவே இல்லக்கா, சத்தியமா. ஆனா நேத்து ராத்திரி படுத்த மாடு எந்திரிக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் போல. என் கை சரியில்ல."

"காது எப்படி இருக்கு? தொட்டுப் பாரு."

"சில்லுனு இருக்குக்கா."

வாத்தியாரம்மா கேனைக் கவிழ்த்து வைத்தாள். மேஸ்திரியின் காதும் அன்று அப்படித்தான் இருந்தது.

அன்று வாத்தியார் இரண்டு நாள் மாட்டைவிட்டு நகரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். சோம்பேறி அல்ல அந்த மனிதர். முட்டி போட்டுக் கறந்து கறந்து அவர் விரல்கள் வீங்கிவிட்டன. மூன்றாம் நாளிலிருந்து வெளியூரில் மூன்று நாள் கூட்டம், மருந்தில்லாப் பால் பற்றித்தான் பேச்சு, பல நாள் முன்பே ஒப்புக்கொண்டது. "நான் சொன்னபடியே செஞ்சிட்டிரு, எந்திரிச்சிடுவா" என்று அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டது. கண் உள்ளே போய்விட்டது. மடியில் ஒரு பக்கம் நீலம் பாய ஆரம்பித்தது. பூண்டுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் வந்தார், கழுத்து நரம்பில் ஊசி போட்டார், மறுநாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் போட வேண்டியதை அவள் கையில் கொடுத்து எங்கே குத்துவது என்று காட்டினார். "பிழைச்சா வித்துடணும், தெரியுமில்லம்மா?" என்றார். தலையாட்டினாள். ஆட்டியபோது உண்மையாகத்தான் ஆட்டினாள். அங்கே மேடையில் வாத்தியார் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இங்கே அவள் பஞ்சையும் சிரிஞ்சையும் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது மேஸ்திரி நின்றுகொண்டிருந்தது. வாத்தியார் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஈரத்தரையில் அப்படியே போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "பார்த்தியா, பார்த்தியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லாரிப் பாலைச் சாக்கடையில் விட்டதிலிருந்து அவர் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று அன்றுதான் இறங்கியது போலிருந்தது. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலை அவர் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சொல்வதற்கு நாள் இல்லாமல் போயிற்று. பாலில் மருந்து தங்கும் என்று டாக்டர் சொன்ன கெடு முடிந்த பின்னும் பல நாள், "பால் இன்னும் திரிதிரியா வருதுங்க" என்று பொய் சொல்லி மேஸ்திரியின் பாலைத் தானே கறந்து தரையில் ஊற்றினாள். யார் வயிற்றுக்கும் அது போகவில்லை, அந்த மட்டில் தன் மேல் பழியில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். விற்றிருக்க வேண்டிய மாடு விசிட்டர்களுக்குப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தாள். ஒரு கதை நாலு பேர் காதுக்குப் போனால் அது நாலு கொட்டகைக்குள்ளும் போகும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்ற சந்தேகமும் அவளுக்கு அவ்வப்போது வரும். மாட்டின் தோலைத் தடவிப் பார்த்தே சினை நாள் சொல்கிறவர். கட்டிப்பிடித்து அழுதபோது கழுத்தில் ஊசி குத்திய வீக்கத்தைக் கை உணர்ந்திருக்காதா? அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை. இப்படியும் ஒரு குடித்தனம் ஓடத்தான் ஓடுகிறது.

விசிட்டர்களுக்கு வாத்தியார் தரையில் மடியின் படம் போட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேங்க" என்றாள். தலை நிமிராமலே கையசைத்தார்.

சாலையில் நடந்துகொண்டே டாக்டரைக் கூப்பிட்டு டிரைவர் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"அவங்க கூப்பிடலையேம்மா," என்றார் டாக்டர். அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது. "ஒரு பக்கம் ஒருத்தன் நான் வேணாம் வேணாம்னாலும் வாளி வாளியா மருந்து போடறான். இன்னொரு பக்கம் ஒருத்தன் சாகற மாட்டுக்கு ஒரு ஊசி போட விட மாட்டேங்கறான். வாசல்ல நின்னு கெஞ்சிட்டுத் திரும்பி வர எனக்கு இனிமே தெம்பில்ல."

"நான் கூப்பிடறேன் டாக்டர். நீங்க வாங்க."

"அந்த வீடியோவைப் பார்த்தேம்மா," என்றார். அவள் நடையை எட்டிப் போட்டாள். "உங்க வீட்டு விஷயம்னு இருந்துட்டேன். வரேன்."

டிரைவர் வீட்டுக் கொட்டகை வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கப்பட்டிருந்தது. உள்ளே மேசை மின்விசிறி ஒன்று மாட்டின் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, அந்த வீட்டில் இருந்த ஒரே மின்விசிறி அதுவாகத்தான் இருக்க வேண்டும். பசு படுத்துக் கிடந்தது. தவிட்டு மூட்டைமேல் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் நிறுத்திய வீடியோவில் வாத்தியார் பாதி திறந்த வாயோடு நின்றிருந்தார். டிரைவரின் மனைவி ஈரத்தில் மண்டியிட்டிருந்தாள். நெடுநேரம் தண்ணீரிலேயே ஊறிய அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வாத்தியாரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காம்பைப் பிடித்து இழுத்தாள். பால் வரவில்லை. மஞ்சளாகத் தண்ணீரும் அதில் துணுக்குத் துணுக்காக ஏதோவும் வந்தன.

"டாக்டர் வந்திட்டிருக்காரு. ஊசி போட்டுடலாம்."

"ஐயோ, வேணாம்க்கா!" அந்தப் பெண் எழுந்தே விட்டாள். "போட்டா மாடு கையை விட்டுப் போயிடும்க்கா. இவ ஒருத்தி கறக்கறதைத்தான் மத்த ரெண்டும் சேர்ந்து கறக்கும். உங்க மேஸ்திரி இதைவிட மோசமா கிடந்து எந்திரிச்சாளே. அண்ணன் ஒத்தை ஆளா எழுப்பினாரே. நான் இன்னும் கொஞ்சம் நல்லா கறந்து விட்டா..."

"எழுப்பல."

"என்னக்கா?"

"உங்கண்ணன் எழுப்பல. அவரு கூட்டத்துக்குப் போயிருந்தாரு. நான் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டேன். மூணு நாள் போட்டேன். அதுல எந்திரிச்ச மாடு அது. அவருகிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

இவ்வளவு காலம் தொண்டையில் நின்றது இவ்வளவு சின்னதுதானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. முதுகு வலிதான் தெரிந்தது.

கொட்டகை வாசலில் டிரைவர் நின்றிருந்தான். வேலைக்குக் கிளம்பப் பாதி பொத்தான் போட்ட சட்டை. எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியாது. "அப்ப நாங்க ரெண்டு நாளா என்னத்தைப் பண்ணிட்டிருந்தோம்?" என்றான். யாரைக் கேட்டானோ. திரையில் வாய் திறந்து நின்ற வாத்தியாரை ஒரு முறை பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து நம்பரை அழுத்திக்கொண்டே வெளியே போனான். முற்றத்தில் அவன் குரல் உயர்ந்தது. "அண்ணே... இல்லண்ணே, நான் சொல்றதை முதல்ல கேளுங்க..." வாசலில் டாக்டரின் வண்டி வந்து நிற்கும் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

டிரைவரின் மனைவி வாத்தியாரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று வாத்தியாரம்மா நினைத்தாள். திட்டட்டும், கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வைக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சாக்கா?"

"சரியாத்தான்மா இருந்துச்சு. உன் கையில ஒரு குத்தமும் இல்ல."

அதற்குத்தான் வாத்தியாரம்மாவுக்கு அழுகை வந்தது.

டாக்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாட்டின் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கழுத்தில் கட்டைவிரலை அழுத்தி நரம்பைத் தேடினார். அது சுலபத்தில் கிடைக்கவில்லை. கிடைத்ததும் மருந்து மெல்ல இறங்கியது. பிறகு இரும்பு ஆணியில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். "பொழைக்குமா டாக்டர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நேத்து கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல ஊசியைத் துடைத்தார். "மடியில இருக்கிற விஷம் வெளிய வரணும். கறந்து விட்டுக்கிட்டே இருங்க. அதுவும் வேணும்தான்."

இரண்டு பெண்களும் மாட்டின் பின்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு காம்பு. அப்போதுதான் வாத்தியாரம்மாவின் போன் அடித்தது. வீட்டுக்காரர். கை இரண்டும் ஈரம். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. டிரைவரின் மனைவி எட்டிப் பொத்தானை அழுத்தி, போனை வாத்தியாரம்மாவின் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிவிட்டாள்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லாரிப் பாலைச் சாக்கடையில் விட்ட அந்த வாரத்துக்குப் பிறகு வாத்தியார் பேசாமல் இருந்து அவள் கேட்டதில்லை. பின்னணியில் அவர்கள் வீட்டு மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கறவை நேரம் தாண்டியிருந்தது.

"என்னங்க," என்றாள்.

"வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க."

"ம்."

மூச்சு மட்டும் கேட்டது. அது கோபமா, வேறு எதுவுமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"மேஸ்திரிய இனிமே எங்க கட்டறது?" என்றார்.

அவர் குரலில் அவள் முன்பின் கேட்டிராத ஒரு தணிவு இருந்தது. வழி தெரியாமல் நின்று விசாரிக்கிற வெளியூர்க்காரரின் குரல். மருந்து ஏறிய மாட்டுக்கு அந்தக் கொட்டகையில் எந்த மூலையைச் சொல்வது என்று அவளும் யோசித்துப் பார்த்தாள். தோன்றவில்லை.

"நான் வந்துடறேங்க. நீங்க மத்ததைக் கறங்க."

அவர் போனை வைக்கவில்லை. அவள் தலையைச் சாய்த்து அதை வைக்கோல்மேல் நழுவவிட்டாள். அங்கிருந்து அவர் வாளியை எடுக்கும் சத்தமும், ஒரு மாட்டிடம் "நகரு" என்று மெல்லச் சொல்வதும், காலி வாளியின் அடியில் முதல் பால் பீய்ச்சி விழும் ஓசையும் வந்தன. இங்கே அவள் விரல்களுக்கிடையில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. எதிரே அந்தப் பெண் மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணை மூடியபடி, இரண்டு கைகளாலும் கறந்துகொண்டே இருந்தாள்.